கம்பெனி பெயிண்ட்

என் வாய்க்குப் பூட்டுப் போட இன்றுவரை யாராலும் முடிந்ததில்லை. மின்சார அலுவலகத்தில் ஓவர்சியராக இருந்த காலத்தில், என் சத்தம் கேட்டாலே லைன்மேன்கள் போஸ்ட்டிலிருந்து தானாக இறங்கிவிடுவார்கள் என்று கேலி பேசுவார்கள். கோபம் வந்தால் மனசில் கிடப்பது அத்தனையும் கொட்டிவிடும். அப்பேர்ப்பட்ட நான் ஆயுசில் ஒரே ஒரு தடவை, முழுசாகப் பத்து நாள், ஒரு விஷயத்தை ஊரில் யாரிடமும் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தேன். அதனால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, எல்லை தாண்டி, கேரளத்தில் குன்னத்துகால் பக்கம் பத்து சென்ட் வாங்கி வீடு கட்டினோம். வீட்டுக்குப் பின்னால் தகரம் மேய்ந்த ஒரு ஷெட். அதற்குள் மூன்று பழைய மோட்டார் சைக்கிள்கள். மூன்றும் ஓடும். ஓடாவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. காலையில் காப்பி கிளாசோடு போய் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும், அன்றைய நாள் நன்றாகப் போகும். என் மனைவி அவற்றுக்கு வைத்திருந்த பெயர் சக்களத்திகள். நாலாவது ஒருத்தி இந்த வீட்டுப் படியேறினால் தான் மகள் வீட்டுக்குப் போய்விடுவதாக அடிக்கடி சொல்லுவாள்.

நாலாவது ஒருத்தியைத்தான் நான் இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். ஜப்பானிலேயே முழுதாகச் செய்து, கப்பலில் வந்து இறங்கிய இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் வண்டி. பிற்பாடு அதே சாயலில் நம் நாட்டில் பூட்டி விற்ற வண்டிகள் எத்தனையோ உண்டு. அது வேறு, இது வேறு. நாகர்கோவிலில் நான் படித்தபோது ஒரு டாக்டர் வீட்டுப் பையனிடம் அந்த வண்டி இருந்தது. அவன் கியர் மாற்றிக்கொண்டு போகிற சத்தம் தேய்ந்து மறைகிறவரை பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறேன். வந்த பஸ்ஸையும் விட்டிருக்கிறேன்.

பழைய வண்டி சேர்க்கிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. வண்டி பளபளவென்று இருந்தால் அதற்கு மதிப்பில்லை. பெயிண்ட் யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். மங்கினாலும் உரிந்தாலும், கம்பெனியில் அடித்த அதே பெயிண்ட், அவர்கள் ஒட்டிய அதே ஸ்டிக்கர், அவர்கள் பூட்டிய அதே சைலன்சர் இருக்க வேண்டும். அது ஒரு தடவைதான் வரும். போனால் போனதுதான். இதைத் தெரியாதவனுக்கு அது துருப்பிடித்த இரும்பு. தெரிந்தவன் அதற்காக நிலத்தைக்கூட விற்பான்.

அந்த வண்டியை நான் கண்டுபிடித்தது ஒரு ஜெபக்கூட்டத்தில். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு வீடாகக் கூடி ஜெபிக்கிற வழக்கம் உண்டு. அன்றைக்குப் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துப் பிழைக்கிற ஒரு அம்மாவின் வீடு. அவளுடைய கணவர் ஆம்புலன்ஸ் டிரைவராக இருந்து, நாங்கள் இங்கே குடிவருவதற்கு முந்தின வருடம் மாரடைப்பில் போனவர். ஒரே மகள். நர்ஸ் படிப்பு முடித்து, திருவனந்தபுரத்தில் ஹாஸ்டலில் தங்கி ஜெர்மன் பாஷை படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பரீட்சை பாசானால் ஜெர்மனியில் வேலை. அதற்குக் கட்ட வேண்டிய பணத்துக்குத்தான் அன்றைக்கு முக்கியமான ஜெபமே.

இரண்டாவது பாட்டின் நடுவில் கரண்ட் போயிற்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மீட்டர் போர்டு எங்கே என்று கேட்டேன். பின்னால் விறகு போடுகிற சாய்ப்பில் என்றாள். போனில் டார்ச் அடித்துக்கொண்டு போய் ஃபியூஸைப் போட்டுவிட்டுத் திரும்பினால், தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு சைலன்சரின் நுனி தெரிந்தது. குனிந்து தூக்கிப் பார்த்தேன்.

சத்தியமாகச் சொல்லுகிறேன், இருபது வருடமாக நான் தேடின அதே வண்டி. டேங்கில் மஞ்சள் கோடு மங்கியிருந்தது, ஆனால் இருந்தது. இரண்டு சைலன்சரிலும் ஜப்பான் எழுத்துகள். மீட்டருக்கு மேலே கண்ணாடி கூட உடையவில்லை. தமிழ்நாட்டு நம்பர் பிளேட். அதில் அதிசயமில்லை, இங்கே பாதிப் பேருடைய வண்டிக்கு நம்பர் அந்தப் பக்கம், ஓட்டம் இந்தப் பக்கம். நான் தார்ப்பாயை மறுபடி மூடிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து கண்ணை மூடினேன். அந்தப் பெண்ணின் பரீட்சைக்காக எல்லாரும் கண்ணீர் விட்டு ஜெபிக்கிறார்கள், நான் அந்த வண்டியின் சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் ஒத்துப்போகுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வெட்கமில்லாத மனுஷன்.

மறுநாள் காலையிலேயே போய்விட்டேன். வெளிச்சத்தில் பார்த்தேன். நம்பர் ஒத்துப்போயிற்று. யாருமே கை வைக்காத வண்டி. கணவர் கல்யாணத்துக்கு முன்னால் மார்த்தாண்டத்தில் ஒருவரிடம் வாங்கியதாம்; ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பாராம்.

"அவரு போன பொறவு ஒருத்தரும் தொடல்ல சாரே. ஆக்கிரிக்காரன் ரெண்டு தடவ வந்து கேட்டான்" என்றாள். ஆக்கிரி என்றால் இங்கே பழைய இரும்பு, தகரம் எடுக்கிற கடை.

அவள் அப்படிச் சொன்னதும் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. உண்மை விலையைச் சொன்னால் நான் வாங்க முடியாது. வேறு யாராவது கேள்விப்பட்டு பெங்களூரிலிருந்து காரில் வந்து நிற்பான். அதனால் முகத்தைச் சப்பென்று வைத்துக்கொண்டு, வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன்.

"ஆக்கிரி தான் தங்கச்சி இது. பார்ட்ஸ் கிடைக்காது, ஓட்டவும் முடியாது. எனக்கு ஒரு கிறுக்கு, கொண்டு போய் வச்சுக்கிடுதேன்" என்று சொல்லி நாற்பதாயிரம் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவ்வளவா என்று கேட்டாள். நான் அந்த நிமிஷம் ரொம்ப நல்லவன் மாதிரி உணர்ந்தேன். பாதியை அங்கேயே கொடுத்தேன்.

அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். எடுக்கவில்லை. விதவையின் பொருளை ஓவர்சியர் சத்தமில்லாமல் அமுக்கிவிட்டான் என்று நாளைக்கு நாலு பேர் பேசக்கூடாதல்லவா. அதனால் ஒரு யோசனை சொன்னேன். எங்கள் சபையில் வீட்டுக்கு ஒரு வண்டி வந்தால், ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் நிறுத்திப் போதகர் ஜெபம் பண்ணித்தான் சாவி கைமாறும். நாளை விட்டு அடுத்த ஞாயிறு அவளுடைய மகளும் ஊருக்கு வருகிறாள்; அன்றைக்கு எல்லார் முன்னிலையிலும் ஜெபம் பண்ணி வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவளுக்கு அது ரொம்பப் பெருமையாக இருந்தது. எனக்குச் சாட்சி கிடைத்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரம் நாங்கள் கோயம்புத்தூரில் எங்கள் மகள் வீட்டுக்குப் போனோம். அங்கே என்னைப் போல வண்டிப் பைத்தியம் பிடித்த ஒருவர் உண்டு. போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் ஏழு லட்சத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு தான் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூட விடாதே, அந்தத் தூசியும் சேர்த்துத்தான் விலை என்றார்.

உடனே அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். வண்டியைத் தொடாதே, துடைக்காதே என்று சொல்லத்தான் போட்டேன். மணி அடிக்கும்போதே ஒரு சந்தேகம். ஆக்கிரி என்று சொன்னவன் இத்தனை பதறினால் அவள் என்ன நினைப்பாள்? அதனால் ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா, இறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். எல்லாம் உண்டு என்றாள்.

"வண்டிய பத்தி சார் விசாரப்படண்டாம். மானமா கொண்டு வந்து தாறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஏதோ மரியாதைக்குச் சொல்லுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு ஆராதனை நீண்டுகொண்டே போனது. முதல் பாட்டு தமிழ், இரண்டாவது மலையாளம், பிரசங்கம் இரண்டும் கலந்து. நான் எதையும் கேட்கவில்லை. ஷெட்டில் எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த ஜன்னலை அடைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆசீர்வாதம் கூறி முடிந்ததும் எல்லாரும் முற்றத்துக்கு வந்தார்கள். ரோட்டிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் உள்ளே திரும்பியது. நான் கேட்டு நின்ற அந்தப் பழைய சத்தம் இல்லை. சிவப்பாக ஒரு வண்டி, ரத்தச் சிவப்பு. கழுத்தில் செவந்திப்பூ மாலை. இது யாருடைய வண்டி என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சாருக்குள்ளது தானே என்றார்.

ஓட்டி வந்தவன் உதியன்குளங்கரையில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிற பெயிண்டர். இறங்கி, ஒரு மாப்பிள்ளையை நிறுத்துகிற மாதிரி வண்டியை நடு முற்றத்தில் நிறுத்தினான். நான் கிட்டப் போனேன். டேங்கை மொத்தமாக உரசி எடுத்து ஸ்பிரே அடித்திருந்தான். மஞ்சள் கோட்டைக் காணோம், ஸ்டிக்கரைக் காணோம். அந்த இடத்தில் ஒரு வசன ஸ்டிக்கர். சைலன்சர் இரண்டும் புதுசு, நம் ஊர் சாதனம். மீட்டரை எடுத்துவிட்டு நீல லைட் எரிகிற ஒரு டிஜிட்டல் மீட்டர். சீட்டுக்குப் புது ரெக்சின். பழையதெல்லாம் எங்கே என்று பெயிண்டரிடம் கேட்டேன். ஆக்கிரிக்குப் போட்டாச்சு சாரே, கவலைப்படாதீங்க, அந்தக் காசையும் கூலியில் கழித்துவிட்டேன் என்றான். அவன் மேல் குற்றமில்லை. சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தமான வேலை.

நான் வாயைத் திறந்தேன். கத்துவதற்கு முன்னால் போதகர் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். தமிழில் தொடங்கி மலையாளத்தில் போனார். இந்த நல்ல வாகனத்துக்காகவும், இதைக் கொடுக்கிற உண்மையுள்ள கரத்துக்காகவும், வாங்குகிற இரக்கமுள்ள கரத்துக்காகவும் நன்றி சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நூறு பேர் நடுவில் நின்றேன். ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். அந்த அம்மா சாவியை ஒரு வெள்ளைக் கவரில் வைத்துக் கொடுத்தாள். ஆட்கள் வண்டியைத் தடவிப் பார்த்து, கொள்ளாம் கொள்ளாம் என்று பாராட்டினார்கள்.

கூட்டம் கலைகிறவரை எப்படிப் பொறுத்தேன் என்று எனக்கே தெரியாது. அவளையும் மகளையும் கல்லறைத் தோட்டத்துச் சுவர் பக்கம் கூப்பிட்டேன். யாரைக் கேட்டு அதைத் தொட்டாய் என்று ஆரம்பித்தவன்தான். லைன்மேன்களைத் திட்டுகிற அதே தொண்டை. அறிவு இருக்கிறதா என்று கேட்டேன். சொல்லக்கூடாத வார்த்தையும் ஒன்றிரண்டு வந்தது. அவள் பயந்துபோய், கலர் பிடிக்கவில்லையா என்று கேட்டாள். அந்தக் கேள்வி என் தலையில் எஞ்சியிருந்த கொஞ்ச மூளையையும் எரித்துவிட்டது.

"கலரா? ஏழு லட்சத்துக்குள்ள சாதனமாக்கும் இது. அந்த கம்பெனி பெயிண்டுக்குத்தான் அந்த விலை. எல்லாத்தையும் உரசி நாசமாக்கிட்டு வந்து கலர் பிடிக்கல்லியாண்ணு கேக்குதிய."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மகள் கையிலிருந்த போனில் ஏதோ தட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனை அம்மாவின் பக்கம் நீட்டினாள். அம்மா அதைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏழு லட்சம்ணு சாருக்கு எப்ப தெரியும்?" என்று அம்மா கேட்டாள்.

கோயம்புத்தூரில்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மை. ஆனால் ஏழா ஐந்தா என்பதுதான் அங்கே தெரிந்தது. லட்சம் என்பது அந்தச் சாய்ப்பில் நின்றபோதே எனக்குத் தெரியும். அதற்குள் அவளே பேசினாள். சத்தம் போடவில்லை.

"நிங்க ஆக்கிரிண்ணு சொன்னிய. ஆக்கிரிக்கு ஆரு நாப்பதாயிரம் தருவா? எங்க மேல இரக்கப்பட்டு தாறியண்ணு நினைச்சேன். சும்மா வாங்கப்பிடாதுண்ணாக்கும், நிங்க தந்த ரூவாய எடுத்து இதெல்லாம் செய்தேன். டேங்கில அவருக்க பெல்ட்டு உரசி தழும்பு மாதிரி ஒரு பாடு உண்டு. அத மட்டும் விட்டுரலாமாண்ணு பெயிண்டர்ட்ட கேட்டேன். அது அசிங்கமா இருக்கும்ணான். சரி, சாருக்கு குடுக்குத வண்டியில பாடு எதுக்குண்ணு நானே உரசச் சொன்னேன்."

அப்புறம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டாள். வண்டியின் சாவி வெள்ளைக் கவரோடு என் கையில் இருந்தது. நான் அதை ஓட்டவில்லை. மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வீடுவரை தள்ளிக்கொண்டே போனேன். வழியில் பார்த்தவர்கள், ஜெபம் பண்ணின வண்டி அதற்குள் மக்கர் பண்ணிவிட்டதா என்று சிரித்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஆக்கிரிக்கடைக்கு ஓடினேன். சைலன்சரும் மீட்டரும் சனிக்கிழமையே லோடோடு களியிக்காவிளை தாண்டிப் போய்விட்டதாம். கிடைத்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. வீட்டில் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். சக்களத்தி என்று ஒரு வார்த்தை கேலி பேசுவாள், சண்டை போடுவாள், அத்தோடு எனக்குப் பாரம் குறையும் என்று நினைத்தேன். அவள் கேலி பேசவில்லை. வண்டி கெட்டதற்கு நான் அழுகிறேனா, அந்த அம்மாவை ஏமாற்றினதற்கு அழுகிறேனா என்று மட்டும் கேட்டாள். எனக்கு அது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

ஷெட்டிலிருந்த மூன்றில் இரண்டை விற்றேன். ஏழு லட்சம் ஆவதற்கு, பாக்கியை வங்கியிலிருந்து எடுத்தேன். நாசமாய்ப் போன ஒரு வண்டிக்கு நல்ல வண்டியின் விலையைக் கொடுக்கிறோமே என்று மனசு ஒரு பக்கம் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மூன்று வாரம் கழித்து, ஒரு மதிய நேரம், பையோடு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் தைத்துக்கொண்டிருந்தாள். வாங்க என்றாள், உட்காரச் சொன்னாள். நான் நின்றபடியே, அன்றைக்கே எனக்குத் தெரியும், தெரிந்தேதான் ஆக்கிரி என்று சொன்னேன் என்றேன். பையை மேஜைமேல் வைத்தேன்.

அவள் வேண்டாம் என்று தள்ளுவாள், நான் கெஞ்சுவேன், கடைசியில் இரண்டு பேரும் அழுவோம் என்று வழியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவள் எழுந்து பையை எடுத்து உள்ளே கொண்டு வைத்துவிட்டு வந்தாள்.

"இது எங்களுக்குள்ளது. அதனால வாங்குதேன்" என்றாள்.

மகள் பரீட்சை பாசாகிவிட்டதா என்று கேட்டேன். ஆச்சு, விசா வந்ததும் போகிறாள் என்றாள். நல்லது என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். எனக்கு நெஞ்சு லேசாகியிருந்தது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று, இனி நிமிர்ந்து நடக்கலாம் என்றுகூட நினைத்தேன். வாசலில் செருப்பைப் போடும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"சாரே, ஒரு காரியம். சபையில வச்சு கண்டா இனி எனக்கு ஸ்தோத்திரம் சொல்லண்டாம். நிங்க சொன்னா நான் திருப்பிச் சொல்லணும். மனசில இல்லாம அந்த வார்த்தைய சொல்ல எனக்கு கழியாது."

சரி என்று தலையாட்டினேன். எங்கள் சபை சின்னது. ஆராதனைக்கு முன்னால் வாசலில் நின்று ஒருவருக்கொருவர் வணக்கத்துக்குப் பதிலாக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் எல்லாரும் உள்ளே போவார்கள். ஒருவரை விட்டு ஒருவர் ஒதுங்கிப் போக அங்கே இடமில்லை. இப்போதெல்லாம் நான் எதிர்க்கடையில் நின்று, முதல் பாட்டு தொடங்கின பிறகுதான் ஆலயத்துக்குள் போகிறேன்.